ஃபிளாஸ்க் வீடு

அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் ஃபிளாஸ்க் வீடு எது என்று கை காட்டிவிடுவார்கள். பெயர் வைத்தது எதிர்க்கடை டெய்லர். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே சில்லென்று இருக்கிறது, வெளியே பல் கிட்டும்போது உள்ளே கதகதப்பாக இருக்கிறது, அப்புறம் அது ஃபிளாஸ்க் இல்லாமல் வேறென்ன என்பது அவர் வாதம். வீட்டை வரைந்தவளுக்கு அந்தப் பெயர் பிடிக்கத்தான் செய்தது. வருஷக்கணக்காகத் தொண்டைத் தண்ணீர் வற்ற அவள் விளக்கிக்கொண்டிருந்த விஷயத்தை ஒரு டெய்லர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாரே என்று கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

அவள் கட்டட வடிவமைப்பாளர். அதிலும் வெளிச்சுவர், கூரை, ஜன்னல், இவைதான் அவள் பிழைப்பு. சோபாவை எங்கே போடலாம், சமையலறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்றெல்லாம் அவளிடம் கேட்டால் பதில் வராது. "நான் வீட்டுக்குச் சட்டை தைக்கிறவ. பனியனைப் பத்தி எனக்குத் தெரியாது" என்பாள். சட்டை ஒழுங்காக இருந்தால் ஏசி வேண்டியதில்லை, ஹீட்டர் வேண்டியதில்லை, கரண்ட் பில்லைப் பார்த்து நெஞ்சைப் பிடிக்க வேண்டியதில்லை. இது அவள் கட்சி. அவள் கணவன் கட்டுமானக்காரன். அவள் வரைவாள், அவன் கட்டுவான். ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டு, கடைசியில் தங்கள் குடும்பத்துக்கே ஒன்று கட்டினார்கள். மாமனார், மாமியார், கொழுந்தன், கொழுந்தன் மனைவி, இவர்கள் இருவர், எல்லோருக்கும் ஒரே தளம். நடுவில் கூடம், சுற்றி அறைகள்.

வெளிச்சுவரில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. இரண்டு அடுக்குக் கல், நடுவில் கனமான நுரைப்பலகை. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. சுவரும் சட்டமும் சேரும் இடத்திலெல்லாம் காற்று நுழையாதபடி டேப். கூரைக்கு மேலே இன்னொரு கூரை. கெட்ட காற்றை வெளியே தள்ளி நல்ல காற்றை உள்ளே இழுக்க ஒரு மெஷின், அது ஓடுவதே தெரியாது. அந்தக் காற்று அறைக்கு அறை போய்வர வேண்டுமே என்று ஒவ்வொரு அறைக் கதவுக்கும் அடியில் ஒரு விரல் அளவு இடைவெளி விடச் சொன்னாள். உள்ளே இருக்கிற தடுப்புச் சுவர்களுக்கு மட்டும் வெறும் பலகை, உள்ளே வெற்றிடம். இந்த அறையின் சூடு அந்த அறைக்குப் போனால் என்ன நஷ்டம், எல்லாம் ஒரே வீடுதானே என்று நினைத்தாள். சூட்டைப் பற்றி மட்டுமே யோசித்துப் பழகியவள் செய்யக்கூடிய தப்பு அது. வேறு யாராவது கட்டியிருந்தால் இந்தத் தப்பு நடந்தே இருக்காது.

குடிவந்த அன்று மாலை வாசல் கதவைச் சாத்தினார்கள். தெரு அணைந்துபோயிற்று. பஸ் இல்லை, ஹாரன் இல்லை, நாய் இல்லை, டெய்லர் கடை ரேடியோ இல்லை. எல்லோரும் "அப்பாடா!" என்றார்கள். அவளுக்குப் பெருமையில் கண் கலங்கியது. அந்த நிமிஷம் பார்த்து, கூடத்துக்கு அந்தப் பக்கம் சாத்திய அறைக்குள் மாமியார் கொழுந்தனிடம் கிசுகிசுப்பது கேட்டது.

"சமையக்கட்டு இப்படியா? ரெண்டு பேர் நின்னா இடுப்பு இடிக்கும்."

கிசுகிசுப்புதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன மாதிரி எழுத்து எழுத்தாகக் கேட்டது. அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. பழைய வீட்டில் தெருச் சத்தம்தான் இந்தக் குடும்பத்துக்குத் திரை. அந்த இரைச்சலின் மறைவில்தான் அவரவர் முணுமுணுத்து, திட்டி, கொஞ்சி, அழுது வாழ்ந்திருக்கிறார்கள். அவள் நல்லெண்ணத்தோடு அந்தத் திரையைக் கழற்றி எறிந்துவிட்டாள். இனி இந்த வீட்டில் ஒருத்தர் பெருமூச்சு விட்டால் மற்றவர்களுக்குக் காரணம் தெரியும்.

முதல் சில வாரங்கள் ஒரே அமளி. கொழுந்தனும் அவன் மனைவியும் ஒரு கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்று அறைக்குள் சண்டை போட்டார்கள். காலையில் கூடத்துக்கு வந்தவளிடம் மாமியார், "அதுக்குன்னு நீ அவனை எருமைன்னு சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனவள் அன்று முழுக்க வெளியே வரவில்லை. இன்னொரு நாள் மாமியார் தன் தங்கையிடம் போனில், "பெரியவளுக்கு வீட்டுக்குச் சட்டை தைக்கத் தெரியும், புருஷன் சட்டைக்கு ஒரு பட்டன் தைக்கத் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார். மறுநாள் காலை, மாமியார் வரும் நேரம் பார்த்து, கூடத்தின் நடுவில் உட்கார்ந்து அவள் கணவனின் சட்டைக்கு வரிசையாகப் பட்டன் தைத்தாள். மாமியார் அப்படியே நின்றார். அதற்கப்புறம் தங்கையோடு பேசுவதெல்லாம் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில்தான்.

இப்படியே போனால் குடும்பம் உடைந்துவிடும் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. தானாகவே ஒரு மரியாதை ஏற்பட்டது. சுவர் வழியாக வந்தது எதுவும் வரவில்லை என்றே வைத்துக்கொண்டார்கள். அதற்கு ஒரு சொல்லும் அமைந்தது: "காதுல விழல." யாராவது அறைக்குள் அழுதுவிட்டு வெளியே வந்தால் மற்றவர்கள் டீ வேண்டுமா என்று கேட்பார்கள். "ஏதாவது சத்தம் கேட்டுச்சா?" என்று கேட்டால், "காதுல விழலையே!" என்று அப்பாவியாக முகத்தை வைத்துக்கொள்வார்கள். அவள் கணவன்தான் இதில் கைதேர்ந்தவன். அவன் முகத்தைப் பார்த்தால் சத்தியமாகக் கேட்கவில்லை என்றே நம்பத் தோன்றும்.

மாமனாருக்கு மட்டும் இந்த நாடகம் தேவைப்படவில்லை. அச்சுக்கூடத்தில் மேஸ்திரியாக இருந்தவர், இயந்திர இரைச்சலுக்கு நடுவிலேயே காலத்தைக் கழித்துக் காதைக் கொடுத்துவிட்டு வந்தவர். காதுக்கு வாங்கிக் கொடுத்த கருவி மேஜை டிராயரில் கிடந்தது. அவர் கூடத்து நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். வீட்டில் நிஜமாகவே எதுவும் காதில் விழாதவர் அவர் ஒருவர்தான்.

சாதாரணக் குடும்பமாக இருந்தால் இதையெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டு இருந்திருக்கலாம். அவளுக்கு அந்த நேரம் பார்த்து ஓர் அழைப்பு வந்தது. அவளுடைய பழைய தலைமைப் பொறியாளர் வேறோர் ஊரில் பெரிய வேலை ஒன்றை எடுத்திருந்தார். மருத்துவமனை ஊழியர்களுக்கு ஒரு தெரு முழுக்க வீடுகள். அத்தனை வீட்டுக்கும் சட்டை தைக்க அவள் வேண்டும். ஒன்றரை வருஷம் அங்கேயே தங்கவேண்டியிருக்கும். "உன்னைத் தவிர வேற யாரையும் நான் யோசிக்கலை" என்றார் அந்த அம்மாள். அவள் ஆயுசுக்கும் காத்திருந்த வார்த்தை அது. வசதியுள்ளவர்களுக்கு ஒவ்வொன்றாகத் தைத்துத் தைத்து அவளுக்கு அலுத்திருந்தது. இந்த வீட்டில் விட்ட தப்பை அங்கே திருத்தலாம் என்ற ஆசையும் இருந்தது.

கணவன் சந்தோஷமாகத்தான் கேட்டான். "அட, பெரிய விஷயமாச்சே! அம்மாகிட்ட நான் பக்குவமாப் பேசறேன். நீ ஒண்ணும் கவலைப்படாதே" என்றான்.

பக்குவமாகத்தான் பேசினான். அடுத்த நாள் சாயங்காலம் அவள் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, மாமியார் அறையிலிருந்து அவன் குரல் வந்தது.

"நீங்க எதுவும் கேக்காதீங்கம்மா. கேட்டா வீம்பு பிடிப்பா. நாளைக் கடத்தினா தானா அடங்கிடும். அந்த இன்ஜினியர் அம்மாகிட்ட நான் பேசி, அவளுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"பாவம்டா, அவ்வளவு ஆசையா இருக்கா."

"ஆசைதான். எல்லாத்துக்கும் ஆசைப்படுவா. இங்க எல்லாம் யார் பார்க்கறது?"

மடித்துக்கொண்டிருந்தது அவன் சட்டை. அவளே பட்டன் தைத்த சட்டை. அதைச் சுருட்டிக் கட்டிலில் எறிந்தாள். போய்க் கதவை உதைத்துத் திறந்து கேட்க வேண்டும் என்று கிளம்பினாள். ஆனால் எப்படிக் கேட்பாள்? கேட்டால், காதில் விழுந்தது என்று ஆகிவிடும். இது விழுந்ததென்றால் மற்றதும் விழுந்திருக்கிறது. இத்தனை மாதம் ஒருவரைப் பற்றி ஒருவர் அறைக்குள் சொன்னதெல்லாம் கூடத்துக்கு வந்து நிற்கும். அவளும் யோக்கியம் இல்லை. மாமியாரைப் பற்றி, கொழுந்தனின் சோம்பலைப் பற்றி, அவள் பேசாத பேச்சா? போதாததற்கு ஞாயிற்றுக்கிழமைதோறும், இதே மாதிரி கட்டிக்கொள்ள நினைக்கிற ஆட்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். "இவ்வளவு அமைதியா! நீங்க சண்டையே போட மாட்டீங்களா?" என்று வாயைப் பிளக்கிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக் காட்டுகிறாள். உள்சுவர் ஒழுகுகிறது என்று அவள் வாயாலேயே எப்படிச் சொல்வது?

கொஞ்ச நேரத்தில் கணவன் கூடத்துக்கு வந்து, "டீ குடிக்கலையா?" என்றான். அவள் குடித்தாள்.

அவனைத் தனியாகப் பிடிக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வெளியே நடக்கப் போகலாம் என்றால் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருவான். கட்டட வேலை நடக்கும் இடத்தில் பேச்சை எடுத்தால், "இங்க வேண்டாம், வீட்ல போய் நிதானமாப் பேசலாம்" என்பான். வீட்டில் பேச முடியாது என்று அவனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்றும் தெரியும். தலைமைப் பொறியாளரிடம் போனில் பேச ஒருநாள் வாசலில் நின்ற காருக்குள் போய் உட்கார்ந்தாள். நம்பரைத் தேடுவதற்குள் அவன் வந்து கண்ணாடியைத் தட்டினான். "ஏம்மா இந்த வெக்கையில உட்கார்ந்திருக்கே? உள்ளே சில்லுன்னு இருக்கே!" எதிரே டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். அவள் இறங்கி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. தெரு அணைந்தது.

இரவில் அவன் நிம்மதியாகத் தூங்குவான். அவள் போர்வையைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பாள். அழவும் இடமில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழலாம் என்றால், அங்கே பாதி நேரம் மாமியாரின் தங்கை போனில் இருக்கிறாள். தானே அளவெடுத்து, தானே தைத்து, தானே மாட்டிக்கொண்ட சட்டை இப்படிக் கழுத்தை நெரிக்கிறதே என்று அவளுக்கு வெறுத்துப்போயிற்று.

வெளிச்சுவரில் காற்று ஒழுகவில்லை என்று சான்றிதழ் வாங்க ஒரு சோதனை பாக்கி இருந்தது. அது நடக்க இருந்த அன்று காலை போன் வந்தது. தலைமைப் பொறியாளர்தான்.

"உடம்பு இப்போ தேவலையாம்மா?"

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. கொழுந்தன் அறையில் மின்விசிறிகூட நின்ற மாதிரி இருந்தது. வீடே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"தேவலைங்க" என்றாள்.

"நல்லது. வருத்தமா நினைக்காதே, என்னால இதுக்கு மேல காத்திருக்க முடியாது. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடு. வர்றேன், இல்லை. ரெண்டுல ஒண்ணு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கணவன் வாசற்படியில் சிரித்துக்கொண்டு நின்றான். "யாரு போன்ல?"

"தப்பான நம்பர்" என்றாள். அவன் தலையாட்டினான். இரண்டு பேரும் எவ்வளவு நன்றாக நடிக்கிறோம் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சோதனைக்காரர் பெரிய பெட்டியோடு வந்து சேர்ந்தார். சிவப்புத் துணி போர்த்திய ஒரு சட்டத்தை வாசல் நிலையில் இறுக்கிப் பொருத்தி, நடுவில் ராட்சத விசிறி ஒன்றை மாட்டினார். அது வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்சும். வீட்டில் எங்காவது ஓட்டை இருந்தால் அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே சீறும். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்க வேண்டும், உள்கதவுகள் எல்லாம் திறந்திருக்க வேண்டும்.

"முடியற வரைக்கும் யாரும் உள்ளே வரக்கூடாது, வெளியே போகக்கூடாது. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார்.

"நாங்க பொறுக்கறதுல எமகாதகங்க" என்றாள் கொழுந்தன் மனைவி. யார் காதிலும் விழவில்லை.

விசிறி ஓட ஆரம்பித்தது. முதலில் முனகல், அப்புறம் இரைச்சல், அப்புறம் தலைக்குள்ளேயே ஓடுகிற மாதிரி ஒரு பேரோசை. இத்தனை மாதத்தில் அந்த வீட்டில் இப்படி ஒரு சத்தம் இல்லை. எல்லோரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். கொழுந்தன் ஏதோ சொன்னான், கேட்கவில்லை. மாமியார் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கவில்லை! மாமனார் மட்டும் பேப்பரைத் தாழ்த்தி, வாசல் பக்கம் பார்த்து, பழைய சிநேகிதன் வந்த மாதிரி முகம் மலர்ந்தார். அச்சுக்கூடம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

சோதனைக்காரர் புகை விடும் குழாயோடு ஜன்னல் ஜன்னலாகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நடந்தது. கொழுந்தன் மனைவி வந்து அவள் தோளை இழுத்து, காதோடு வாயை வைத்துக் கத்தினாள்.

"அக்கா, போயிடுங்க! உடம்பு சரியில்லைன்னு அவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சு. எங்களுக்கு வாயைத் திறக்கத் தைரியமில்லை!"

சொல்லிவிட்டு அவள் நகர்ந்துபோய் ஒன்றும் தெரியாதவளாக ஜன்னலருகே நின்றுகொண்டாள். எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. எல்லோரும் சேர்ந்து டீ வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு அதுவரை துக்கமாக இருந்தது எல்லாம் ஒரு நொடியில் கோபமாயிற்று. இரைச்சல் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். இனி இப்படி ஒரு திரை இந்த வீட்டுக்குக் கிடைக்காது. நேரே கூடத்தைக் கடந்து போய்க் கணவன் முன் நின்றாள்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

அவன் காதுக்குப் பின்னால் கையை வைத்தான். "என்ன?"

"உடம்பு சரியில்லைன்னு ஏன் சொன்னீங்க?"

அவன் சிரித்து, விசிறியைக் காட்டி, கையை விரித்தான். நிஜமாகவே கேட்கவில்லையா, நடிக்கிறானா? அவளால் சொல்ல முடியவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து, வாழ்க்கையில் ஒருநாளும் கத்தாத அளவுக்குக் கத்தினாள். சோதனைக்காரருக்கு முதுகுப்பக்கம் நடப்பது என்ன தெரியும்? அளவு கிடைத்துவிட்டது, அவர் பாட்டுக்கு ஸ்விட்சை அணைத்தார்.

"என்னை மூடி வைக்க நான் என்ன உங்க வீட்டுச் சூடா? நான் போறேன்! யார் என்ன சொன்னாலும் நான் போறேன்!"

முதல் பாதி விசிறியோடு போயிற்று. பின்பாதி, சத்தமே இல்லாத வீட்டில், கூடம் முழுக்க நின்றது.

மாமியார் கூரையைப் பார்த்தார். கொழுந்தன் தன் கால்விரல்களைப் பார்த்தான். சோதனைக்காரர் தொண்டையைக் கனைத்து, "வீடு பாஸ்ங்க. ஊசி நுழைய இடமில்லை" என்றார், யாரோ கேட்ட மாதிரி. அவள் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. அப்புறம் அந்தப் பழைய அப்பாவி முகம் மெல்ல வந்து உட்கார்ந்தது.

"ஃபேன் சத்தத்துல ஒண்ணும் காதுல விழலம்மா" என்றான். "எல்லாருக்கும் டீ போடலாமா?"

இவ்வளவு கத்தியும் இவ்வளவுதானா? மாமியார் சமையலறைப் பக்கம் ஓர் அடி எடுத்துவைத்தார். கொழுந்தன் மனைவி வாயைத் திறந்து மூடினாள். இன்னும் ஒரு நிமிஷம் போனால் ஆளுக்கு ஒரு டம்ளர் கையில் இருக்கும், சாயங்காலம் ஆகிவிடும், எல்லாம் முடிந்துவிடும்.

நாற்காலியில் பேப்பர் சரசரத்தது.

"எனக்கே கேட்டுச்சேடா!" என்றார் மாமனார்.

காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரல். சுவர்கள் அதிர்ந்தன. கணவன் திரும்பினான். அவன் முகத்தில் அந்த அப்பாவித்தனத்தைத் தேடினால் காணோம். மாமியார் எடுத்த அடியைப் பின்னால் வைத்தார்.

"போறேன்னு சொல்றா. எனக்கே கேக்குது, உனக்குக் கேக்கலையா? டிராயர்ல மெஷின் இருக்கு, எடுத்து மாட்டிக்கோ" என்றவர் அவள் பக்கம் திரும்பினார். "எங்கேம்மா போறே? யாரும் என்கிட்ட ஒண்ணும் சொல்றதில்லை."

அவள் போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். மாமனாரிடம் மெதுவாக ஒன்றைச் சொல்ல முடியாது. அவர் காதருகே குனிந்து, எந்த ஊர், என்ன வேலை, எவ்வளவு நாள், தலைமைப் பொறியாளர் என்ன கேட்டார், அவரிடம் இந்த வீட்டிலிருந்து யார் என்ன பொய் சொன்னது, எல்லாவற்றையும் கத்திக் கத்திச் சொன்னாள். அவர் நடுநடுவே, "என்ன?" என்பார். திரும்பவும் கத்துவாள். அதை மற்ற நாலு பேரும் சோதனைக்காரரும் நின்று கேட்டார்கள். காதில் விழவில்லை என்று சொல்ல இனி யாருக்கும் வழியில்லை.

சொல்லி முடித்ததும் அவர் பேப்பரை மடித்தார். "உடம்பு நல்லாத்தானே இருக்கு உனக்கு?"

"நல்லா இருக்கு மாமா."

"அப்புறம் என்ன?" என்றார்.

கணவன் சுவரில் சாய்ந்து நின்றான். "நான் உன் நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்து, கூடம் முழுக்கத் தன்னைப் பார்ப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவனைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் அந்தப் பாவத்துக்காக அவள் இன்னொரு நாள் பொறுக்கத் தயாராக இல்லை.

சோதனைக்காரர் வாசலில் தயங்கி நின்றார். "சட்டத்தைக் கழட்டிடலாமாங்க?"

"கழட்டுங்க" என்றாள். துணி விலகியதும் பஸ் சத்தமும் ரேடியோவும் டெய்லர் மெஷினும் உள்ளே வந்தன. அவள் போனை எடுத்தாள். அறைக்குப் போகவில்லை, குளியலறைக்குப் போகவில்லை, காருக்கும் போகவில்லை. கூடத்தின் நடுவில் நின்று, குரலைத் தாழ்த்தாமல், "வர்றேங்க" என்றாள்.